ஞாயிற்றுக்கிழமை மழை

தண்ணீர் எடுக்கப் போன வள்ளம் கவிழ்ந்து கோரைத்தீவில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, பிரணவியின் திரையில் அந்தத் தீவு மஞ்சளாகத்தான் இருந்தது. மஞ்சள் என்றால் ஓரளவு மழை கிடைத்திருக்கிறது, தண்ணீர்க் கப்பல் தேவையில்லை என்று பொருள். அந்த மஞ்சளுக்கு வாராவாரம் ஒப்புதல் கொடுப்பவள் அவள்தான்.

நீரிணையில் சிதறிக் கிடந்த எல்லாத் தீவுகளின் மழையையும் வறட்சியையும் பெருநிலத்துக் கரையில் அவள் வேலை செய்த நிலையமே கண்காணித்தது. தீவுகளில் நட்டிருந்த மழைமானிகள் தாமாகவே செய்தி அனுப்பும். அதை வாங்கிக் கணக்கிட்டு இயந்திரம் நிறம் தீட்டும். பச்சை, மஞ்சள் ஆகிய இரண்டையும் பற்றி யாரும் பேசுவதில்லை. சிவந்த தீவுக்குக் கப்பலில் தண்ணீர் போகும். ஆனால் ஒரு வருட மழை முழுவதையும் கூட்டியும் எல்லைக்குக் கீழே போய்விட்டால் தீவு கறுத்துவிடும். கறுத்த தீவைச் சட்டம் மூடிவிடும். சனங்களைப் பெருநிலத்துக்கு ஏற்றி வந்து அடுக்குமாடிகளில் குடியமர்த்துவார்கள். சிவப்பும் கறுப்பும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள். தண்ணீர் வேண்டுமென்று சிவப்பை விரும்புகிறவர்கள் கறுப்புக்கும் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

பிரணவி அடுத்த நாளே கோரைத்தீவுக்குப் போனாள்.

இறங்குதுறையில் அவளுக்காகக் காத்திருந்தவன் அமலதாஸ். மீன்பிடித் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும். இறந்த நால்வரில் ஒருத்தி அவன் மனைவி புளோரா. முந்திய நாள்தான் அடக்கம் முடிந்திருந்தது. அவன் எதையும் ஒளிக்காமல், யாரையும் திட்டாமல் நடந்ததைச் சொன்னான்.

"அண்டைக்கு ஆம்பிளையள் எல்லாரும் தொழிலுக்குப் போயிட்டம். வீட்டில சமைக்கவே தண்ணி இல்லை. பெண்டுகள் நாலு பேர் வள்ளத்தை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனவை. போகேக்க வெறும் தண்ணிப் பரல்தானே, வள்ளம் மிதந்துகொண்டு போயிருக்கும். வரேக்க எல்லாம் நிரம்பின பரல். கடலைக் கிளப்பிற சோளகக் காத்து வேற. ஒரு பரலைக் கடலுக்குள்ள தள்ளியிருந்தா வள்ளம் நிமிந்திருக்கும் மிஸ். தள்ள மனம் வந்திருக்காது."

அவன் அவளைத் தன் வீட்டுக் கிணற்றுக்குக் கூட்டிப்போனான். வாளி அடியில் தட்டியது. மேலே வந்த நீரைப் பிரணவி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"உங்கட மிசினில மழை பெய்ததெண்டு காட்டுதோ?" என்று கேட்டான்.

"ஓம் அண்ணை. போன கிழமையும் பெய்ததாத்தான் காட்டுது."

"எந்த இடத்தில பெய்ததெண்டு காட்டுங்கோ. நாங்கள் போய் அள்ளுறம்."

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அவள் ஏதாவது ஓர் இடத்தைக் காட்டுவாள் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தான். 

தீவின் மேட்டில் மழைமானியின் கம்பம் மட்டும் நின்றது. உப்புக்காற்று தின்று மானி விழுந்து நெடுநாளாகிவிட்டது, புதியது வரவில்லை. மானி இல்லாத தீவுக்கு, மிக அருகிலுள்ள தீவின் மானியைப் பார்த்து இயந்திரம் மழையை ஊகித்துக்கொள்ளும். பிரணவிக்கு அது தெரியும். கோரைத்தீவுக்கு அருகிலிருப்பது சல்லித்தீவு. கம்பத்தடியில் நின்றபடியே அவள் கைக்கணினியில் சல்லித்தீவின் மழையை எடுத்துப் பார்த்தாள். வருடம் முழுவதும் சீராகப் பெய்திருந்தது. அளவும் நல்ல அளவு. பிறகு கிழமைகளைப் பார்த்தாள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் காலை நேரம்.

வந்த ஞாயிறு காலை அவள் ஒரு மீன்பிடிப் படகில் சல்லித்தீவில் போய் இறங்கினாள். தேவாலயத்தில் பூசை தொடங்கிவிட்டிருந்தது. பாடல் சத்தம் காற்றில் வந்தது. வழியில் மாடொன்று எலும்பும் தோலுமாய்ப் பூவரசின் காய்ந்த இலையை மென்றுகொண்டு நின்றது. கோயிலின் பின்வளவில் கம்பி வேலிக்குள் மழைமானி. அதன் புனல்வாய்க்கு மேலே, நீட்டிக் கட்டிய ஒரு தடியில், சாராயப் போத்தலொன்று தலைகீழாகத் தொங்கியது. மூடியில் ஊசியால் குத்திய ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் புனலுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நிலத்தில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கிய, வெயிலில் கறுத்த முகம். பிரணவியைக் கண்டும் அவள் எழும்பவில்லை.

"மழை பாக்கிற கந்தோரில இருந்தோ?"

"ஓம்."

"வருவியள் எண்டு தெரியும். இருங்கோ பிள்ளை. நான் ஜெசிந்தா. மாதர் சங்கத்துக்கு நான்தான் தலைவி. எழுதுறதெண்டா என்ர பேரை மட்டும் எழுதுங்கோ. மற்றச் சனத்தை விட்டுடுங்கோ."

பிரணவி அவளருகில் உட்கார்ந்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல், "எவ்வளவு காலமா அக்கா?" என்றாள்.

"போன மாரி பொய்ச்சதில இருந்து. முதல்ல வாளியால ஊத்தினம். போன்ல பாத்தா 'கருவிக் கோளாறு' எண்டு காட்டிச்சுது. அதுக்குப் பிறகுதான் இந்தச் சொட்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டு முறை. குடிக்க வச்சிருக்கிற தண்ணியிலதான் குடுக்க வேணும். உப்புத்தண்ணி ஊத்தினா மானி பழுதாப் போயிடும் எண்டு பயம்."

"மேலயிருந்து செய்மதி பாக்குது. ஆனா உங்கட தீவு அதுக்கு ஒரு புள்ளி. சின்ன முகில் வந்து பெய்தா அதுக்குத் தெரியாது. அதாலதான் மிசின் நம்பிக்கொண்டிருக்குது" என்றாள் பிரணவி. பிறகு மெதுவாக, "நீங்கள் ஊத்தாமல் விட்டிருந்தா சிவப்பு வந்திருக்கும். கப்பல்ல தண்ணி வந்திருக்கும் அக்கா."

"வந்திருக்கும். ரெண்டு மாசம் வந்திருக்கும். பிறகு கறுப்பு வந்திருக்கும்." ஜெசிந்தா போத்தலைவிட்டுக் கண்ணெடுக்காமல் பேசினாள். "தாழைத்தீவை மூடினது தெரியுமோ? ஆறு மாசமெண்டு சொல்லித்தான் ஏத்தினவங்கள். என்ர தங்கச்சி அங்க கலியாணம் கட்டிப் போனவள். அடுத்த மாரியே நல்ல மழை. தீவு பச்சைப் பசேலெண்டு கிடக்காம். திரும்பிப் போகப்போறம் எண்டு சனம் போய்க் கேட்டுதுகள். சூரியத் தகடு பரப்பியாச்சு, இனி ஆக்கள் இருக்கேலாது எண்டு சொல்லிப்போட்டாங்கள். இப்ப அவள் நாலாம் மாடியில இருக்கிறாள். புருசன் ஒரு கடைக்குக் காவல் நிக்கிறான். கடல் தொழில் செய்த மனிசன்."

கோயிலுக்குள் மணி அடித்தது. இருவரும் சிலுவைக்குறி போடுவதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்று யாராவது பார்த்தால் நினைத்திருப்பார்கள். ஜெசிந்தா மட்டுமே போட்டாள்.

பிரணவி சொல்லத்தான் வேண்டியிருந்தது. "கோரைத்தீவில மழைமானி இல்லை அக்கா. உங்கட மானியைப் பாத்துத்தான் மிசின் அங்கயும் மழை எண்டு கணக்கெடுக்குது. இங்க நீங்கள் ஊத்த, அங்கயும் பெய்ததாக் காட்டும். அதாலதான் அங்க கப்பல் வராமல் நிண்டது."

ஜெசிந்தாவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது அவளுடைய நீட்டிய கால்கள் தாமாகவே மடங்கின.

"புளோரான்ர செத்தவீட்டுக்கு நான் போனனான்" என்றாள். "ரெண்டு நாள் நிண்டு சமைச்சுக் குடுத்துப்போட்டு வந்தனான்."

பிறகு பிரணவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிறுபிள்ளை நியாயம் கேட்பதுபோலக் கேட்டாள்: "நாங்கள் எங்களுக்கெண்டெல்லோ ஊத்தினாங்கள்? அது ஏன் அங்க போனது?"

போத்தலில் இன்னும் கால்வாசி இருந்தது. எழுந்து அதைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். இருவரில் ஒருவரும் எழவில்லை. பூசை முடிந்து சனங்கள் வெளியே வரும்போது கடைசிச் சொட்டும் விழுந்திருந்தது.

"உங்கட மானியில இருந்து கோரைத்தீவை மட்டும் பிரிச்செடுக்கேலுமோ எண்டு பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பிரணவி படகேறினாள்.

நிலையத்தின் தலைவர் இரட்ணசபை ஓய்வுபெற இருந்தவர். அதிகம் பேசமாட்டார். பிரணவி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெய்யிற மழையை நானும் பாத்தனான்" என்றார்.

"எப்ப சேர்?"

"மாசியில."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. "தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீங்கள்? நாலு பேர் செத்திருக்கினம் சேர்."

"ஓம். கப்பல் ஒண்டு விடச் சொல்லி மேலிடத்தில ரெண்டு தரம் கேட்டும் பாத்திட்டன். மஞ்சள் தீவுக்குக் கப்பல் விட வழியில்லையாம்."

"அப்ப கோரைத்தீவை அந்த மானியில இருந்து பிரிச்சு விடுவம்."

"பிரிக்கிறதெண்டா காரணம் சொல்ல வேணும். என்ன காரணம் சொல்லுவாய்? அந்த மானி பொய் சொல்லுது எண்டோ? நோண்டாதை பிள்ளை. அது எங்க போய் நிக்குமெண்டு உனக்குத் தெரியாது."

சல்லித்தீவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார், அல்லது ஓய்வூதியத்துக்குப் பயப்படுகிறார் என்று பிரணவி நினைத்தாள். அவரிடம் மேலும் ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தாள். கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு சல்லித்தீவில் மழை பெய்யவில்லை.

மத்தியானம் ஜெசிந்தா தொலைபேசியில் எடுத்தாள்.  "பூசை முடிய எல்லாரையும் மறிச்சு வச்சுச் சொல்லிப்போட்டன். கொஞ்சப் பேர் என்னை ஏசினவை. தீவை விக்கப்போறியோ எண்டு ஒருத்தன் கேட்டவன். ஆனா ஒருத்தரும் போத்தல் கொண்டரேல்லை. இனிக் கோரைத்தீவுக்குத் தண்ணி போகும்தானே தங்கச்சி?"

"போகும் அக்கா" என்றாள் பிரணவி.

ஆனால் இயந்திரம் ஒரு ஞாயிறு காய்ந்ததற்காக நிறத்தை மாற்றாது. பழைய மழை கணக்கிலிருந்து தேய்ந்து போக வாரங்கள் பிடிக்கும். கோரைத்தீவில் உவர்நீரைக் காய்ச்சிக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியிருந்தது. அமலதாஸ் ஒவ்வொரு நாளும் எடுத்து, "இண்டைக்கு ஏதும் தெரியுமோ மிஸ்?" என்று கேட்டான். 

சந்தேகமான அளவுகளை நீக்கும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. திங்கள் காலை அவள் சல்லித்தீவின் கடைசி நான்கு ஞாயிறுகளை மட்டும் நீக்கினாள். இயந்திரம் காரணம் கேட்டது. கருவிப் பழுது என்றால் தொழில்நுட்பவியலாளர் போய்ப் பார்த்து வர வேண்டும். அதற்கு மாதம் செல்லும். காத்திருக்கத் தேவையில்லாத காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மனிதத் தலையீடு. அவள் அதைத் தெரிவு செய்தாள். நான்கே நான்கு ஞாயிறுகள்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் இரண்டு தீவுகளும் சிவந்தன. மத்தியானத்துக்குள் கப்பலுக்கு ஒப்புதல் வந்தது. அவள் உடனே அமலதாஸை அழைத்தாள்.

"அண்ணை, புதன்கிழமை கப்பல் வருது. பரலுகளைக் கழுவி வையுங்கோ."

மறுமுனையில் அவன் யாரிடமோ, "தண்ணி வருதாம், தண்ணி வருதாம்" என்று கத்துவது மட்டும் கேட்டது. கடந்த பல நாட்களில் பிரணவி நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை அவள் நிலையத்துக்கு வந்தபோது இரண்டு தீவுகளும் கறுத்திருந்தன.

எங்கோ பிழை என்றே முதலில் நினைத்தாள். இரட்ணசபை அவளுக்கு முன்பே வந்து அவள் மேசையருகில் நின்றுகொண்டிருந்தார்.

"நாலு ஞாயிறை மனிசர் செய்ததெண்டு நீ சொல்லிப்போட்டாய். அதே மாதிரிப் பெய்த மத்த ஞாயிறுகளை மிசின் தானாத் தேடிப் பிடிச்சுத் தள்ளிப்போட்டுது. வருசம் முழுக்க. தள்ளினாப் பிறகு என்ன மிச்சம்? வருச மழை எல்லைக்குக் கீழ போயிட்டுது."

"அது சல்லித்தீவுக்கு. கோரைத்தீவு ஏன் சேர்?"

கேட்டு முடிக்குமுன்பே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

"கோரைத்தீவுக்கும் அந்த மழைதானே இருந்தது? அதுக்கெண்டு வேற மழை எங்க? ஒரே போத்தல்தான் ரெண்டு தீவையும் பிடிச்சுக்கொண்டு நிண்டது."

பிரணவி கதிரையில் உட்கார்ந்தாள். "இதை ஏன் முதலே எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்? அதைச் சொல்லு பாப்பம்."

அவள் திரையில் கறுத்துக் கிடந்த இரண்டு தீவுகளையும் பார்த்தாள்.

"எனக்கும் தெரியேல்லை" என்றார் இரட்ணசபை. "தெரியாதபடியாத்தான் மாசியில இருந்து பேசாமல் இருந்தனான். நான் பேசாமல் இருக்க நாலு பேர் செத்துப்போட்டினம். நீ பேசினாய், ரெண்டு தீவு போகுது. ஆர் செய்தது சரியெண்டு என்னைக் கேக்காதை."

"மேலிடத்துக்கு எழுதுவம் சேர். இது பிழையெண்டு எழுதுவம்."

"எதைப் பிழையெண்டு எழுதப்போறாய்? காய்ஞ்ச தீவைக் காய்ஞ்சதெண்டுதானே காட்டுது. இண்டைக்குத்தான் மிசின் உண்மை சொல்லுது."

ஆனாலும் அவள் எழுதினாள். பதில் வரவில்லை. கப்பல்தான் போனது. தண்ணீருக்கு ஒப்புதல் கிடைத்த அதே கப்பல், அதே புதன்கிழமை. மூடப்படும் தீவுக்கு யாரும் தண்ணீர் நிரப்பி அனுப்புவதில்லை என்பதால் தாங்கிகள் வெறுமையாக இருந்தன. தளத்தில் ஆட்கள் உட்காரக் கூடாரம் கட்டியிருந்தார்கள். காவல்துறையினர் சிலரும் ஏறினார்கள். மூடலை நேரில் உறுதிசெய்ய நிலையத்திலிருந்து ஓர் அலுவலர் போக வேண்டுமென்பது விதி. வேறு யாரையும் அனுப்பப் பிரணவி சம்மதிக்கவில்லை.

முதலில் சல்லித்தீவு. அங்கே அதிகம் சத்தமில்லை. ஏறும்போது ஒருவன் ஜெசிந்தாவின் காலடியில் காறித் துப்பினான். அவள் அதைத் தாண்டி வந்து ஏறினாள். கோயில் கிணற்றில் கடைசியாக ஊறிய நல்ல தண்ணீரை ஒரு கலனில் கொண்டுவந்திருந்தாள்.

கோரைத்தீவு இறங்குதுறையில் சனம் வெயிலில் நின்றது. வெளியேற வேண்டுமென்ற அறிவித்தல் அவர்களுக்கு முந்திய நாளே கிடைத்திருந்தது. பெட்டிகளும் மூட்டைகளும் கட்டி வைத்திருந்தார்கள். அவற்றோடு, கழுவித் துடைத்த வெறும் பரல்களும் வரிசையாக நின்றன.

அமலதாஸ் கப்பல் விளிம்புவரை வந்தான். "ஏத்த வாற கப்பல் எண்டாலும் கொஞ்சம் தண்ணி கொண்டருவியள் எண்டு நினைச்சம்" என்றான். "பிள்ளையள் காலமையில இருந்து பாத்துக்கொண்டு நிக்குதுகள் மிஸ்."

  ஜெசிந்தா பிரணவியைத் தாண்டிக் கலனோடு இறங்கிப் போனாள். பிள்ளைகளை நிரையில் நிற்க வைத்து ஒவ்வொருவருக்கும் கோப்பையில் வார்த்துக் கொடுத்தாள். பெரியவர்களுக்கு வரும்போது கலன் முடிந்துவிட்டது. வெறும் பரல்களைக் கப்பலில் ஏற்றக் காவல்காரர் விடவில்லை. அவை துறையிலேயே நின்றன.

கப்பல் புறப்பட்டது. வள்ளம் கவிழ்ந்த இடத்தைக் கடக்கும்போது கோரைத்தீவுக்காரர் எழுந்து நின்று செபம் சொன்னார்கள். முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஜெசிந்தா எழுந்து அமலதாஸின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பிரணவி இரண்டு ஆள் தள்ளி இருந்தாள். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது.

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். போத்தலை, ஓட்டையை, ஞாயிற்றுக்கிழமைகளை. அங்கே சொட்டியதால் இங்கே கப்பல் வராமல் நின்றதை. "எங்களாலதான் தம்பி" என்றாள். "உங்கட மனிசி எங்களாலதான் செத்தது. பிறகு நாங்கள் நிப்பாட்டினம். நிப்பாட்டினதால ரெண்டு தீவும் போச்சு."

சுற்றியிருந்தவர்கள் பேச்சை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். 

"ஒரு கிழமைக்கு எவ்வளவு?" என்று அமலதாஸ் கேட்டான்.

"ஒரு போத்தல்."

"சாராயப் போத்தலோ?"

"ஓம்."

அவன் தலையாட்டினான். கடலைப் பார்த்தான். "புளோராவுக்குத் தெரிஞ்சிருந்தா" என்றான். "தெரிஞ்சிருந்தா அவளும் தந்திருப்பாள் அக்கா. ஒரு போத்தல்."

அதற்கு மேல் அங்கே இருக்க முடியாமல் எழுந்து கப்பலின் மறுபக்கத்துக்குப் போய்விட்டான்.

ஜெசிந்தா எழும்பவில்லை. அவள் திரும்பிப் பிரணவியைப் பார்த்தாள். நான்கு ஞாயிறுகளை நீக்கிய கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. தீவுகள் கறுத்த அன்றே பிரணவி தொலைபேசியில் அழுதுகொண்டு சொன்னதால் எல்லாம் அவளுக்குத் தெரியும். பழி முழுவதையும் அவள் தன் தலையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்த அமலதாஸ் பிரணவியின் பக்கத்தில் வந்து இருந்தான். "நீங்கள் ஒராள்தான் எங்களுக்காக ஓடித் திரிஞ்சனீங்கள் மிஸ்" என்றான். "அதை நாங்கள் மறக்க மாட்டம்."

இப்போது சொல்லிவிட வேண்டுமென்று பிரணவி நினைத்தாள். அடுத்த தீவைக் கடந்ததும் சொல்லலாம், கலங்கரை விளக்கம் தெரிந்ததும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். கரை வந்தது. சனங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் இறங்கினார்கள். அமலதாஸ் அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டு விடைபெற்றான். அவளும் கும்பிட்டாள்.